ஆறு வாரத்தில் ரெண்டு கிராம்

பாளையம்பட்டி முக்கில் இருக்கும் பாண்டியின் கறிக்கடையில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு, நான் எட்டாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஏழு பேரும் அரைக் கிலோ, முக்கால் கிலோ, நெஞ்செலும்பு சேர்த்துப் போடு, கொழுப்பைக் குறை என்று பொறுப்பான குடும்பத் தலைவர்களாகப் பேசி வாங்கிப் போனார்கள். என் முறை வந்தது. குரலைத் தாழ்த்தி, ஒரு சுவரொட்டி வேண்டும் என்றேன்.

பாண்டி கத்தியைக் கட்டையில் வைத்தான்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்பு நிறம், எப்போதும் ஈரம். எங்கள் பக்கம் அதைப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ரத்தம் ஊறட்டும் என்று வாங்கிக் கொடுப்பார்கள். மற்றவர்கள் கேட்டு வாங்குவதில்லை. ஆகவே கறிக்கடையில் நின்று சுவரொட்டி கேட்பதும், வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று மைக் கட்டிச் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"வீட்டுல விசேஷமா அண்ணாச்சி?" என்றான் பாண்டி.

என் வீட்டில் மொத்தம் மூன்று பேர். நான், ஐம்பத்திரண்டு வயது. என் மனைவி ராஜேஸ்வரி, நாற்பத்தாறு. எங்கள் ஒரே மகள் சிவரஞ்சனி, இருபத்துநாலு, கல்யாணமாகாதவள். பாண்டி மூன்றிலிருந்து என்னைக் கழித்தான். மிச்சம் இரண்டு பேரில் யார் என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. முகம் மெல்ல மெல்ல ரஞ்சனி பக்கம் சாய்வதையும் நான் பார்த்தேன். பின்னால் நின்ற ஒன்பதாவது, பத்தாவது ஆட்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ஆமா பாண்டி" என்றேன். "ராஜிக்கு."

இப்படியாக, என் மனைவி கர்ப்பமானாள்.

ரத்தத்தின் கதை

உண்மையில் சுவரொட்டி ரஞ்சனிக்குத்தான். ஆனால் காரணம் வேறு.

ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது அவளுக்குக் கல்லூரியில் பிடித்த கிறுக்கு. எழுத்துத் தேர்வில் தேறினாள். அடுத்து ஐந்து நாள் வைத்துப் பார்க்கும் நேர்முகத் தேர்வு. குழுவில் பேச விடுவார்கள், கயிற்றில் ஏற விடுவார்கள், மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று படத்தைக் காட்டிக் கேட்பார்கள். இரண்டு முறை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் முறை தேறினாள். அதோடு விடவில்லை, உடம்பைப் பார்த்தார்கள். கண், காது, பல், முழங்கால், பாதத்தின் வளைவு எல்லாம் சரி. ரத்தத்தில் மட்டும் ஹீமோகுளோபின் பத்துதான் இருந்தது. பன்னிரண்டு வேண்டுமாம். தற்காலிகமாகத் தகுதியில்லை, ஆறு வாரத்தில் மறுபரிசோதனைக்கு வா என்று தாள் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிலும் தேறவில்லை என்றால் கதை முடிந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்தவள் பையை வைத்துவிட்டு, ரெண்டு கிராம் குறையுதுப்பா என்றாள். தங்கம் என்று நினைத்து ராஜி ஒரு நிமிஷம் பதறிப்போனாள்.

அருப்புக்கோட்டை பஜாரில் எங்களுக்கு இரும்புக் கடை. கம்பி, ஆணி, கடப்பாரை, தகரம். என் தாத்தா ஆரம்பித்தது. மகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்றதும் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரே நகைச்சுவை தனித்தனியாகத் தோன்றியது. நானும் ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பதுபோல் சிரித்தேன். வியாபாரி அப்படித்தான் இருக்க வேண்டும்.

குடும்பத்தின் ராணுவ வரலாறு

உடம்பைத் தேற்றி ராணுவத்துக்குப் போவதில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஓர் அனுபவம் உண்டு. அந்த அனுபவம் நான்தான்.

மீசை அரும்பிய வயதில், ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு மைதானத்துக்குப் போனேன். தேசபக்தி காரணமல்ல. அப்பா கடையில் உட்காரச் சொன்னார். எனக்கு முன்னால் நின்றவனை எடை போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் என்னைவிடக் குண்டாக இருந்தான். பயந்துபோய் வரிசையை விட்டு வெளியே வந்து, மைதான வாசலில் வாழைப்பழம் விற்றவரிடம் ஒரு சீப்பு வாங்கி நின்ற இடத்திலேயே தின்று முடித்தேன். மேலே ஒரு குடம் தண்ணீர். எடையில் தேறிவிட்டேன். அடுத்தது ஓட்டம்.

அதைப் பற்றி விரிவாக எழுத, நான் தொடர் எழுதும் இந்தப் பத்திரிகையின் தரம் இடம் கொடுக்காது. ஒரு சுற்று முடியுமுன் நானும் வாழைப்பழமும் பிரிந்தோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் கடையில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்தத் தகுதியின் அடிப்படையில், ரஞ்சனியின் உடம்புக்கு நானே பொறுப்பதிகாரியாக என்னை நியமித்துக்கொண்டேன். ஊட்டச்சத்து பற்றி இரண்டு புத்தகம் வாங்கி வாசித்தேன். அட்டவணை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு, ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி. காலை ஐந்து மணிக்கு ஓட்டம்.

மாத்திரை வேளை

ஓட்டம் திருச்சுழி ரோட்டில். ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அவள் ஓடுவாள். நான் பின்னால் ஸ்கூட்டரில் விளக்கைப் போட்டுக்கொண்டு போவேன். தார் ரோட்டிலேயே ஓடிக் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்று, இடையில் இறங்கிக் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் ஓடுவாள். ஸ்கூட்டரால் அங்கே வர முடியாது. நான் ரோட்டோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு பயிற்சியாளர் எப்படி நிற்பாரோ அப்படி நிற்பேன். ஒருநாள் வெள்ளாடு ஓட்டி வந்தவர், வண்டி ரிப்பேரா என்று கேட்டு ரொம்ப நேரம் உதவ முயன்றார்.

முதல் வாரம் மூன்றாவது கிலோமீட்டரில் அவளுக்குக் கண் இருட்டியது. கருவேல மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து, தலையை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டாள். நான் கிட்டே போனதும், ஒண்ணுமில்லப்பா, டைம் நிறுத்தாதீங்க என்றாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

திரும்பும்போது பாளையம்பட்டி டீக்கடை. அங்கேதான் என் சாதனை. மாத்திரை மறந்துபோகக் கூடாது என்பதற்காக இரும்புச்சத்து மாத்திரை அட்டையை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அவள் உட்கார்ந்ததும் ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கையில் கொடுப்பேன். சூடாக ஒரு டீ. மாத்திரையை டீயில் முழுங்குவாள். இரண்டு வாரத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை. இந்த ஒழுங்கைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வாழ்த்துகள்

இதற்கிடையில் பாண்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான். அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொன்னான். எல்லாரும் கேட்டார்கள்.

கடைக்கு ஆணி வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று கைகொடுத்தார். பால்காரர் தானாகவே அரை லிட்டர் கூட ஊற்றிவிட்டு, இனிமே தேவைப்படும்ல என்றார். முடிவெட்டும்போது கடைக்காரர் வெகு நேரம் தயங்கி, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். முருங்கைக்கீரை என்றேன். அது மகளுக்குப் போட்ட அட்டவணை என்று சொல்ல முடியாதே.

மறுத்திருக்கலாம். ராஜிக்கு இல்லை என்றால் பின்னே யாருக்கு என்ற அடுத்த கேள்வி வரும். ராணுவம், ஹீமோகுளோபின், மறுபரிசோதனை என்று நான் விளக்க ஆரம்பித்தால், அவர்கள் முழுவதையும் கேட்டு, தலையாட்டி, போகும் வழியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து நாள் வெளியூர் போய் வந்த பெண். வந்ததிலிருந்து தலைசுற்றி உட்காருகிறாள். சுவரொட்டி தின்கிறாள். இந்த மூன்றையும் வைத்து எங்கள் ஊர் என்ன சமைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே வாழ்த்துகளை வாங்கிக்கொண்டேன்.

ராஜியிடம் சொல்லவில்லை. சரியான சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்தச் சமயம் ஒரு புதன்கிழமை காலை திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கியது.

வந்தது ராஜியின் அண்ணன் மனைவி பேச்சியக்கா. ஒரு கையில் காலைக் கட்டிய நாட்டுக்கோழி, இன்னொரு கையில் புளிப்பு மாங்காய் நிறைந்த பை. வாசலிலேயே ராஜியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த வயதில் இப்படி ஒரு சங்கதி, கூடப் பிறந்தவன் பொண்டாட்டிக்குச் சொல்லணும்னு தோணலையா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, வெட்கப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒரே மூச்சில் கேட்டாள். கோழியும் ஏதோ கேட்டது.

ராஜி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் மாங்காயைப் பார்த்தேன். அப்போது, டீக்கடையிலிருந்து என்னை முன்னால் அனுப்பிவிட்டு மெல்ல ஓடி வந்த ரஞ்சனி வேர்வையோடு உள்ளே வந்தாள். ராஜி அவளையும் பார்த்தாள். என் மனைவி பள்ளி இறுதிக்கு மேல் படித்தவள் அல்ல. ஆனால் பாண்டி போட்ட கணக்கை அவனைவிட வேகமாகப் போட்டுவிட்டாள்.

"இன்னும் டாக்டர்ட்ட போகல மதினி" என்றாள். "போயிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அடுப்படிக்குள் என்னைத் தனியாகப் பிடித்தபோது அவள் கத்தவில்லை.

"எனக்கு எத்தன மாசம்னு சொல்லியிருக்கீக?"

மாசம் எதுவும் குறிப்பிடவில்லை என்றேன்.

"நம்ம புள்ளைக்காகச் சொன்னது சரிதான். என்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாங்காயப் பாத்து முழிச்சிருக்க மாட்டேன்ல."

டாக்டரம்மாவின் அறை

பேச்சியக்கா விடுவதாக இல்லை. நாற்பத்தாறு வயதில் கவனமாக இருக்க வேண்டும், இப்போதே கிளம்பு, நான் கூட வாரேன் என்றாள். அன்றைக்கு ரஞ்சனிக்கும் இரண்டு வார முடிவில் ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு, நான்கு பேருமாக ஆட்டோவில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாளில் பத்து புள்ளி ஒன்று என்று இருந்தது. இரண்டு வார ஓட்டம், கீரை, சுவரொட்டி, பொய் எல்லாம் சேர்த்து புள்ளி ஒன்று. ரஞ்சனி ஆட்டோவில் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். இன்னும் நாலு வாரம்தான் இருந்தது.

பேச்சியக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூவரும் உள்ளே போனோம். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். ரஞ்சனி ராணுவக் கதையைச் சொல்லித் தாளை நீட்டினாள். வாசித்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் வந்திருந்தேன். ஒருநாள்கூடத் தவறாமல், என் கையாலேயே, சூடான டீயோடு கொடுக்கிறேன் என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ பக்கமே போகக் கூடாதாம். எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேருமாம். எங்கள் ஊரில் தலைவலி மாத்திரையிலிருந்து பூச்சி மாத்திரை வரை டீயில்தான் இறங்குகிறது. ஒரு மாவட்டமே செய்யும் தப்பை நான் கடிகாரம் பார்த்து, ஒருநாள் தவறாமல் செய்திருக்கிறேன்.

அடுத்து அவர் ரஞ்சனியைப் பார்த்து, மாதாமாதம் எத்தனை நாள் போகும் என்று கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு குழந்தைப் படம். நான் எழுந்து வெளியே போவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. எழுந்தால் அதைக் கேட்டேன் என்று ஆகிவிடும். உட்கார்ந்தால் கேட்கிறேன் என்று ஆகிவிடும். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருந்தது.

எட்டு நாள் என்று ரஞ்சனி மெதுவாகச் சொன்னாள். முதல் மூன்று நாள் ரொம்ப அதிகம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்த நாட்களில்தான் ஓடும்போது கண் இருட்டுகிறது என்றாள். ஐந்து நாள் தேர்வின்போதும் அதுதான் என்றாள். இதையெல்லாம் நான் முதல்முறையாகக் கேட்கிறேன். பின்னாலேயே ஸ்கூட்டரில் போனவன் நான்.

மேல இருந்து எவ்வளவு ஊத்தினாலும் கீழ குழாய் திறந்து கிடக்கே என்றார் டாக்டரம்மா. முன்னாடியே ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு ராஜி பதில் சொன்னாள். "அது எல்லாருக்கும் அப்படித்தான டாக்டர்."

"உங்களுக்கு எத்தன நாளு?"

"எனக்குப் பத்து. சில மாசம் பன்னெண்டு."

டாக்டரம்மா எழுந்து வந்து ராஜியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா? வாங்கும். பகலில் அசதி? எப்பவும். பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உண்டா?

ராஜி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொடரின் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களுக்கு முன் என் மனைவியின் குணாதிசயங்கள் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன். சொளகில் புடைக்கும் அரிசியைக் கோழிக்குப் போட்டியாகக் கொறிப்பாள் என்று எழுதினேன். கோயில் படியில் நாலு படிக்கு ஒருதரம் நின்று இயற்கையை ரசிப்பாள் என்றும், சினிமாவில் பெயர் போடும்போதே தூங்கிவிடுவதால் எங்களுக்கு ஒரு டிக்கெட் நஷ்டம் என்றும் எழுதினேன். நிறையக் கடிதங்கள் வந்தன. வயிறு குலுங்கச் சிரித்தோம் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். ராஜியும் அதை வாசித்துவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கீக என்றாள்.

"உண்டு டாக்டர்" என்றாள் ராஜி. "அவுக பத்திரிகையிலயே எழுதியிருக்காகளே."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானா அது. நானும் சிரிச்சேன் சார். நர்சுங்களுக்கு வாசிச்சும் காட்டுனேன்." பேனாவைத் திறந்தார். "கோழி, படி, தூக்கம், ரத்தக்குறைவோட அறிகுறி மூணும் வரிசையா எழுதியிருந்தீங்க. டாக்டரா இருந்துக்கிட்டு நானும் கவனிக்கல."

அங்கேயே ராஜிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஏழு புள்ளி ஒன்று. ராணுவம் பத்தில் திருப்பி அனுப்புகிறது. என் வீடு ஏழில் இருபத்தாறு வருஷம் வேலை வாங்கியிருக்கிறது.

வெளியே பெஞ்சில்

இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். ரஞ்சனிக்குக் கோளாறு எதுவும் இல்லை. ராஜியின் கர்ப்பப்பையில் ஒரு கட்டி, பயப்படுகிற கட்டி இல்லை, முதலில் ரத்தத்தை ஏற்றுவோம், பிறகு அதைக் கவனிப்போம் என்றார்கள். ராஜிக்கு வாரம் ஒருநாள் இரும்புச்சத்து டிரிப். ரஞ்சனிக்கு ரத்தப்போக்கைக் குறைக்கத் தனி மாத்திரை. எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வர வேண்டும், இப்போது ஏற்றுகிற ரத்தம் பயிற்சியில் நிற்குமா நிற்காதா என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார்.

வெளியே பேச்சியக்கா எழுந்து நின்றாள். ஸ்கேன் அறைக்குள் போனதை அவள் பார்த்திருந்தாள். நான் ஒரு பதிலைத் தயார் செய்வதற்குள் ராஜி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளையெல்லாம் இல்ல மதினி. ரத்தம் இல்ல."

பிறகு முழுக் கதையையும் சொன்னாள். சுவரொட்டி யாருக்கு, நான் ஏன் பொய் சொன்னேன், அவள் ஏன் ஒத்துக்கொண்டாள், எட்டு நாள், பன்னிரண்டு நாள் எல்லாம். பேச்சியக்கா திட்டுவாள் என்று நான் தள்ளி நின்றேன். அவள் திட்டவில்லை. ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜியின் காதுக்குள் ஏதோ கேட்டாள். ராஜி, ஆமா, அதுவும்தான் என்றாள்.

பேச்சியக்கா எழுந்துபோய், தன் பெயருக்கு ஒரு டோக்கன் வாங்கினாள். ஆட்டோவில் வீடு திரும்ப எங்களுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

ரெட்டை

மிச்சம் நாலு வாரம். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த என் அட்டவணையை ரஞ்சனி கிழித்துவிட்டு வேறு எழுதினாள். அதில் இரண்டு பெயர் இருந்தது. காலையில் ஓடி வந்ததும் எலுமிச்சம்பழச் சாறு, மாத்திரை. டீ ஒரு மணி நேரம் கழித்து. எங்கள் வீட்டில் எப்போதும் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ராஜி சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். சுவரொட்டி வறுவலிலும் அவளுக்கு எண்ணெய்தான் மிஞ்சும். அதை ரஞ்சனி நிறுத்தினாள். அம்மா தட்டில் போட்ட பிறகுதான் தன் தட்டை நீட்டினாள். ராஜிக்கு முதலில் சாப்பிடத் தெரியவில்லை. வாயில் சோற்றோடு மூன்று முறை எழுந்து, எனக்கு ரசம் ஊற்ற வந்தாள். ரசச் சட்டி எங்கே இருக்கும் என்று அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டியிடம் இரண்டு சுவரொட்டி கேட்டேன். இரண்டு ஆடு உரித்தால்தான் கிடைக்கும், காத்திருக்க வேண்டும் என்றான். காத்திருந்தேன். பொட்டலம் கட்டும்போது குனிந்து, வரிசைக்குக் கேட்காத குரலில், "ரெட்டையா அண்ணாச்சி?" என்றான்.

வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். இந்த முறை நான் குரலைத் தாழ்த்தவில்லை. ரஞ்சனிக்கு ரத்தம் குறைவு, ராணுவத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ராஜிக்கு அதைவிடக் குறைவு, விசேஷம் எதுவும் இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அந்த வாரமே, கரு தங்காமல் போய்விட்டதாம், பாவம், அதனால்தான் அந்த மனுஷன் ஏதேதோ பேசுகிறான் என்று ஊர் முடிவு செய்தது. பால்காரர் துக்கத்தோடு அரை லிட்டரைக் குறைத்தார்.

டிரிப் அறை

மறுபரிசோதனைக்கு ரஞ்சனி தனியாகத்தான் போனாள். ராணுவ ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு மதுரையிலிருந்து ரயில். புறப்படும் முன் இங்கே ரத்தம் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். குறைவாக இருந்தால் ரயிலில் உட்கார மனம் வராது என்றாள். கெட்ட நேரத்துக்கு, போகிற வாரத்தில்தான் அவளுக்கு நாள். அவள் பையில் துணியைவிடப் பஞ்சு அதிகமாக இருந்தது. அதை மருந்துக்கடையில் நானே பெயர் சொல்லி வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல் கறுப்புப் பையில் சுற்றினார். சுற்றாமலே கொடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, சுற்றித்தான் கொடுத்தார்.

அன்று ராஜிக்கு நான்காவது டிரிப். நீளமான அறை. ஆறு கட்டில், ஆறு பெண்கள். ஆண் என்று நான் ஒருவன். ராஜியின் கையில் பழுப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் பாட்டிலில் இல்லை, என் மடியில் இருந்த போனில் இருந்தது. காலையில் ரத்தம் எடுத்துவிட்டார்கள், மத்தியானம் சொல்வார்கள் என்று ரஞ்சனி தகவல் அனுப்பியிருந்தாள். மத்தியானம் ஒன்று ஆனது. ஒன்றரை ஆனது. பன்னிரண்டுக்குக் குறைந்தால் வேறென்ன வேலை பார்ப்பாள் என்று நாங்கள் இருவருமே பேசவில்லை.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்பா" என்றாள். மூச்சு வாங்கியது. "பன்னெண்டு. கரெக்டா பன்னெண்டு. தகுதின்னு எழுதிட்டாங்க."

ராஜி டிரிப் ஏறாத கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நர்ஸ் வந்து, கையை ஆட்டாதீங்கம்மா, ஊசி வெளிய வந்துரும் என்று அதட்டிவிட்டுப் போனாள். அடுத்த கட்டிலில் இருந்தவள் என்ன என்று சைகையில் கேட்டாள். மகள் என்று ராஜி சைகையில் சொன்னாள்.

அம்மாவுக்கு எத்தனை என்று ரஞ்சனி கேட்டாள். ஒன்பது வந்திருக்கிறது, இன்னும் இரண்டு டிரிப் பாக்கி என்றேன். பயிற்சிக்குச் சேரும் தேதி தனியாக வரும், என்னென்ன ஊசி போட வேண்டும், எந்தக் காலணி வாங்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். வைக்கட்டுமாப்பா என்றாள்.

ராஜி என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதை அவள் கேட்பாள் என்று நான் போனை அவள் பக்கம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் கண்ணீர்.

"ரஞ்சனி" என்றேன். "இந்த மாசம் எத்தன நாளு?"

அறையில் ஆறு கட்டிலும் பேச்சை நிறுத்தின. மூலைக் கட்டிலில் இருந்த வயதானவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். போனிலும் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"அஞ்சு நாளுப்பா" என்றாள் ரஞ்சனி. "அஞ்சாவது நாளு சும்மா பேருக்குத்தான்."